கொச்சியிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம்?

கொச்சிக்கும் லண்டனுக்கும் இடையே ஆகாய மார்க்கமாக நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். பழைய கணக்கில் 5,100 மைல். 2025 மார்ச் மாதம் வரை இந்தத் தூரத்தைக் கடக்கப் பத்தரை அல்லது பதினொரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. அடுத்த மாதமே அதே பிரயாணத்துக்குப் பதினான்கு மணி முதல் பதினெட்டு மணி வரை பிடித்தது. பூமி நீண்டுவிடவில்லை. லண்டன் நகரமும் இடம் பெயரவில்லை. நெடும்பாசேரியிலிருந்து லண்டன் கேட்விக் நிலையத்துக்கு வாரம் மூன்று முறை போய்வந்த நேர் விமானத்தை ஏர் இந்தியா அந்த மார்ச் மாதக் கடைசியில் நிறுத்தியது. அவ்வளவுதான் நடந்தது.

மட்டாஞ்சேரி பஜாரில் இஞ்சி மூட்டை சுமப்பவருக்கும், எர்ணாகுளத்தில் பேரேடு எழுதும் குமாஸ்தாவுக்கும் லண்டன் விமானத்தோடு என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நர்ஸ் வேலைக்கும் படிப்புக்கும் இங்கிலாந்து போன பிள்ளைகள் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அது ஒரு பக்கம். லண்டன் மார்க்கத்தை நீட்டிய அதே காரணங்கள்தான் துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் போகிறவரின் டிக்கெட் விலையையும் நிர்ணயிக்கின்றன. கோவை, பொள்ளாச்சி, உடுமலை, தேனி, கம்பம் பகுதிகளிலிருந்து வெளிநாடு போகிறவர்களில் பலர் நெடும்பாசேரிக்கே வருகிறார்கள். கொச்சி விமான நிலையத்தின் லாப நஷ்டம் மலையாளிகளுடைய விவகாரம் மட்டுமல்ல.

ஊரில் தகப்பனார் இறந்த செய்தி கேட்டுப் புறப்படுகிறவருக்கு ஆறு மணி நேரம் என்பது முகம் பார்ப்பதற்கும் பார்க்க முடியாமற் போவதற்கும் உள்ள வித்தியாசம். தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வது பூகோளப் புத்தகத்துக்குச் சரி. பிரயாணிக்கு மணியும் ரூபாயும்தான் தூரம்.

நேர்க்கோடு எங்கே போகிறது?

பூமி உருண்டையின் மேல் கொச்சியையும் லண்டனையும் ஒரு நூலால் இழுத்துக் கட்டினால் அந்த நூல் எங்கெல்லாம் படியும் என்று பார்ப்போம். சுவரில் மாட்டிய தட்டைப் படத்தில் இது தெரியாது, உருண்டையில்தான் தெரியும். கொச்சியிலிருந்து வடமேற்காக அரபிக் கடலைக் கடக்கும். குவாதர் துறைமுகத்துப் பக்கம் பாகிஸ்தானின் ஒரு மூலையைத் தொடும். பிறகு ஈரானை நீளவாக்கில் கடக்கும். பாதி வழி முடிகிற இடம் ஈரானின் வடமேற்கு மூலை. அதற்கப்பால் காகசஸ் மலைகள், கருங்கடல், ருமேனியா, ஜெர்மனி, லண்டன்.

ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. 8,200-ஐ 900-ஆல் வகுத்தால் ஒன்பது மணிக்குச் சற்றே மேல் வருகிறது. மீதி ஒன்றரை மணி எங்கே போயிற்று? ஓடுபாதையில் ஊர்வது, மேலே ஏறுவது, இறங்குவது ஆகியவற்றுக்குக் கொஞ்சம். நூல் பிடித்த வழியில் போக முடியாமல் ஒதுங்கிப் போவதற்குக் கொஞ்சம். மிச்சம் காற்றுக்கு. விமானம் பறக்கிற உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் இன்னும் பலமாக வீசும். லண்டனுக்குப் போகும்போது இது எதிர்க்காற்று; வரும்போது முதுகுக்காற்று. ஆகவே திரும்பி வர ஏறத்தாழப் பத்து மணி போதும். கல்லாறு ஏறுகிற லாரியும் இறங்குகிற லாரியும் ஒரே நேரம் எடுப்பதில்லை அல்லவா?

காற்று கடவுள் தந்தது. ஒதுங்கிப் போவது மனிதர்கள் செய்தது. 1944 டிசம்பர் 7-ஆம் தேதி சிக்காகோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலேயுள்ள ஆகாயம் முழுவதும் சொந்தம். அனுமதி கொடுத்தால்தான் அடுத்த நாட்டு விமானம் பறக்கலாம். அதற்குக் கட்டணமும் வாங்கலாம். நடுக்கடலுக்கு மேல் எந்த நாட்டுக்கும் இந்தச் சொந்தம் கிடையாது. கொச்சியின் அதிர்ஷ்டம் இங்கேதான் இருக்கிறது. அதன் வாசலில் அரபிக் கடல் விரிந்து கிடக்கிறது.

டில்லியின் கஷ்டம் கொச்சிக்கு இல்லை

2019 பிப்ரவரியில் பாலாகோட் சம்பவத்துக்குப் பிறகு பாகிஸ்தான் தன் ஆகாயத்தை மூடியது. ஜூலை நடுவில்தான் திறந்தது. அந்த மாதங்களில் ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் நஷ்டம் என்று பார்லிமெண்டில் அரசாங்கமே சொன்னது. 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பின் மறுபடியும் மூடப்பட்டது. இந்த முறை மாதத்துக்கு மாதம் தடையை நீட்டிக்கொண்டே போனார்கள். ஓர் ஆண்டு நீடித்தால் 60 கோடி டாலர் கூடுதல் செலவாகும் என்று ஏர் இந்தியா அரசாங்கத்துக்கு எழுதியது. டில்லியிலிருந்து அமெரிக்கா போன சில விமானங்கள் பெட்ரோல் போட வியன்னாவில் இறங்கிப் போயின. டில்லியிலிருந்து மேற்கே கிளம்பும் விமானத்துக்கு ஒரு மணிக்கும் குறைவான தூரத்தில் பாகிஸ்தான் எல்லை வந்துவிடுகிறது. தெற்கே குஜராத் வரை இறங்கி, கடலுக்குப் போய், பிறகு வடமேற்கே திரும்ப வேண்டும்.

கொச்சி விமானத்துக்கு இந்தக் கஷ்டம் இல்லை. நூல் தொடுகிற அந்தக் குவாதர் மூலையிலிருந்து சற்று மேற்கே ஒதுங்கி ஓமன் பக்கம் போனால் சரியாகிவிடும். கூடுதல் தூரம் அற்பம். ஆனால் நேர் விமானம் நின்றபின், ஏர் இந்தியாவில் லண்டன் போக விரும்பிய கொச்சிப் பிரயாணி என்ன செய்தார்? 2,050 கிலோமீட்டர் வடக்கே டில்லிக்கோ, அல்லது பம்பாய்க்கோ போனார். டில்லிக்குப் போனவர் மூன்று மணி பறந்து, மூன்று மணி காத்திருந்து, பிறகு பாகிஸ்தானைச் சுற்றிக்கொண்டு லண்டன் போய்ச் சேர்ந்தார். தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மூடிய வாசலைத் தேடிப் போய், அதைச் சுற்றி வந்திருக்கிறார். இதைவிட விசித்திரமான பிரயாணம் இருக்க முடியாது.

கணக்குப் புத்தகம்

அப்படியானால் நேர் விமானம் ஏன் நின்றது? ஆகாயம் மூடியதால் அல்ல. பாகிஸ்தான் தடை வந்தது ஏப்ரலில். விமானம் நின்றது மார்ச்சில். காரணம் கம்பெனியின் கணக்கு.

2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், வெளிநாடுகளில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவரும் வந்தே பாரத் ஏற்பாட்டில் இந்தச் சர்வீஸ் பிறந்தது. பிறகு நிரந்தரமாயிற்று. ஐரோப்பாவுக்கு நேர் விமானம் வர வேண்டும் என்பதற்காக, இறங்கும் கட்டணமே வேண்டாம் என்று கொச்சி விமான நிலையக் கம்பெனி விட்டுக்கொடுத்தது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா அரசாங்கத்தின் கையிலிருந்து டாடா கம்பெனிக்குத் திரும்பிப் போயிற்று. 2023 மார்ச் முதல் கொச்சி விமானம் லண்டனின் கேட்விக் நிலையத்துக்குப் போனது.

தனியார் முதலாளி லாபம் பார்ப்பது இயல்பு. ஒரு பெரிய போயிங் 787 விமானம் மணிக்கு ஏறத்தாழ ஐந்து டன் எரிபொருள் குடிக்கிறது. லண்டனுக்கு ஒரு வழிக்கே ஐம்பது டன்னுக்கு மேல். பின்பக்கத்து இருக்கைகள் நிரம்பினால் மட்டும் போதாது. முன்பக்கத்து விலையுயர்ந்த இருக்கைகளும் நிரம்பினால்தான் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும். கொச்சியிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் நர்ஸுகள், மாணவர்கள், பேரக் குழந்தையைப் பார்க்கப் போகும் பெற்றோர்கள். கம்பெனி டைரக்டர்கள் அல்ல. அதே விமானத்தை டில்லியிலிருந்து ஓட்டினால் பத்து ஊர்ப் பிரயாணிகளைச் சேர்த்து நிரப்பலாம், முன்பக்கமும் நிரம்பும் என்பது கம்பெனிகளின் வாதம். வாதத்தில் உண்மை இருக்கிறது. அகலமான பெரிய விமானங்கள் போதிய அளவில் கையில் இல்லாததும் உண்மை. 2025 ஜூன் 12-ஆம் தேதி ஆமதாபாத்தில் 260 உயிர்களைப் பலிகொண்ட கோர விபத்துக்குப் பிறகு, பெரிய விமானங்களின் சர்வதேச சர்வீஸ்களை ஏர் இந்தியா 15 சதவிகிதம் குறைக்க வேண்டியிருந்தது.

ஆனால் பிரயாணியின் கணக்கு வேறு. டில்லி வழியாகப் போகிறவருக்கு வீணாகும் ஐந்தாறு மணி நேரம் கம்பெனியின் புத்தகத்தில் எந்தப் பத்தியிலும் ஏறாது. வயதான தாயார் டில்லி நிலையத்தில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பதும் ஏறாது. 1953-இல் விமானக் கம்பெனிகளைத் தேசியமயமாக்கினார்கள். அரசாங்கம் நடத்தியபோது நஷ்டத்திலும் ஓடிய சர்வீஸ்கள் உண்டு. அந்த நஷ்டத்தை நாட்டு மக்கள் எல்லோரும் சுமந்தார்கள். இப்போது நஷ்டம் வருகிற சர்வீஸ் நிறுத்தப்படுகிறது; அதன் பாரத்தை அந்த வழியில் போகிறவர் மட்டும் சுமக்கிறார். எது நியாயம் என்பதில் கருத்து வேற்றுமை இருக்கலாம். பாரம் மறைந்துபோகவில்லை, கை மாறியிருக்கிறது என்பதில் வேற்றுமைக்கு இடமில்லை.

துபாய் ஏன் ஜெயிக்கிறது

இங்கே ஒரு வேடிக்கையான கணக்கு. கொச்சியிலிருந்து துபாய் சுமார் 2,780 கிலோமீட்டர். துபாயிலிருந்து லண்டன் சுமார் 5,490. இரண்டையும் கூட்டினால் 8,270. நேர் வழியோ 8,200. ஆக, துபாயில் இறங்கி ஏறினால் நூறு கிலோமீட்டர் கூடச் சுற்று இல்லை! டில்லி வழியாகப் போனால் 550 கிலோமீட்டருக்கு மேல் சுற்று. இயற்கையே துபாயைக் கொச்சிக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவழிச் சத்திரமாக வைத்திருக்கிறது. வளைகுடா விமானக் கம்பெனிகள் இந்தச் சத்திரத்தைத்தான் உலகம் முழுவதற்கும் திறந்துவைத்துப் பணம் சம்பாதிக்கின்றன. கொச்சியிலிருந்து துபாய்க்கு நாலு மணி, அங்கே இரண்டு மூன்று மணி காத்திருப்பு, லண்டனுக்கு ஏழு, ஏழரை மணி. நேர் விமானம் இல்லாதபோது இதுதான் குறுகிய வழி.

கொச்சியிலிருந்து துபாய்க்கும் டில்லிக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 700 கிலோமீட்டர்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். தலைநகர் பக்கம், வளைகுடா தூரம் என்று நாம் நினைப்பது பழக்கம்.

இப்படி இருக்க, இந்த மார்க்கத்தில் இருக்கை கிடைப்பதும் கட்டணம் குறைவதும் ஏன் கஷ்டமாக இருக்கிறது? இரண்டு நாடுகளுக்கிடையே வாரத்துக்கு எத்தனை இருக்கைகள் ஓட்டலாம் என்பதை அரசாங்கங்கள் பேசி ஒப்பந்தம் செய்கின்றன. இந்தியாவுக்கும் துபாய்க்கும் இடையே ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 65,000 இருக்கைகள் என்று 2014-இல் ஏற்பாடாயிற்று. அதற்குப் பிறகு போகிறவர்கள் கூடினார்கள். அளவு பல ஆண்டுகள் கூடவில்லை. துபாய் தரப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. இந்திய அரசாங்கம் தயங்கியது. வெளிநாட்டுக் கம்பெனிகள் நம் பிரயாணிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனால் டில்லியும் பம்பாயும் எப்போது பெரிய சந்திப்புகளாகும் என்பது அரசாங்கத்தின் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் அதற்கு விலை கொடுப்பவர் யார்? ஓணத்துக்கும் பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊர் திரும்பும் கூலித் தொழிலாளி. 1994-இல் விமான வியாபாரம் சட்டப்படி தனியாருக்குத் திறக்கப்பட்டது முதல் கட்டணம் சந்தையின் கையில். இருக்கை குறைவு, கேட்பவர் அதிகம் என்றால் சந்தையில் மிளகு விலை என்ன ஆகும் என்பது மட்டாஞ்சேரிக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சத்திரத்துக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2025 ஜூன் 13-இல் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியதும் ஈரான் ஆகாயம் மூடியது. நாம் மேலே பார்த்த நூல் வழி அன்றே அறுந்தது. ஜூன் 23 இரவு கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியபோது கத்தார், பஹ்ரைன், குவைத் ஆகாயங்கள் சில மணி நேரம் அடைபட்டன. கொச்சியிலிருந்து போக வேண்டிய விமானங்கள் ரத்தாயின. சில பாதி வழியில் திரும்பின. நேர் விமானம் இருந்திருந்தாலும் அதுவும் சவூதி, எகிப்து பக்கமாகச் சுற்றியே போயிருக்கும். அந்த அளவில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறிடத்தில்: நேர் விமானப் பிரயாணி தாமதமாகப் போய்ச் சேருவார், மாறிப் போகிற பிரயாணி நடுவழி ஊரில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார்.

யூதத் தெருவும் டெல் அவிவும்

அனுமதியால் தூரம் கூடுவதற்கும் குறைவதற்கும் மட்டாஞ்சேரியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1568-இல் கட்டிய யூதக் கோயில் இன்றும் நிற்கிறது. அதன் சபையார் 1950-களிலிருந்து இஸ்ரேலுக்குக் குடியேறிவிட்டார்கள். கொச்சியிலிருந்து டெல் அவிவ் நேராக 4,900 கிலோமீட்டர்; லண்டனில் பாதிக்குச் சற்று மேல். ஆனால் வழியில் அரேபியா. இஸ்ரேல் போகும் விமானம் எதற்கும் சவூதி அனுமதி தரவில்லை. பம்பாயிலிருந்து போன இஸ்ரேல் விமானங்கள் ஏடன் வளைகுடா வரை தெற்கே போய், செங்கடலில் நுழைந்து, வடக்கே ஏறின. இரண்டு மணி நேரம் கூடுதல். 2018 மார்ச் 22-ஆம் தேதி டில்லியிலிருந்து டெல் அவிவ் போன ஏர் இந்தியா விமானத்துக்குச் சவூதி முதன்முறையாக வழிவிட்டது. ஏழரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. 2022 ஜூலையில் எல்லா நாட்டு விமானங்களுக்கும் வழி திறந்தது. விமானம் வேகம் கூடவில்லை. ரியாத்தில் ஒரு கையெழுத்து விழுந்தது.

கப்பல்காரர்களுக்கு இது பழைய கதை. 1497 ஜூலையில் லிஸ்பனிலிருந்து கிளம்பிய வாஸ்கோ ட காமா மறு ஆண்டு மே மாதம்தான் கோழிக்கோட்டுக் கரையைப் பார்த்தார். பத்து மாதத்துக்கு மேல். 1524-இல் கொச்சியில் இறந்து, கோட்டைக் கொச்சி பிரான்சிஸ் கோயிலில் அடக்கமானார். எலும்புகளைப் பின்னர் லிஸ்பனுக்குக் கொண்டுபோனார்கள். அவர் சுற்றிய ஆப்பிரிக்காவைச் சூயஸ் கால்வாய் 1869-இல் குறுக்கே வெட்டியது. 1967 யுத்தத்தில் அந்தக் கால்வாய் மூடி, எட்டு ஆண்டு கழித்து 1975 ஜூனில் திறந்தது. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கியபோது, கொச்சியிலிருந்து ஐரோப்பா போகும் ஏலக்காயும் மிளகும் மறுபடி ட காமாவின் வழியே நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். பத்து முதல் பதினான்கு நாள் தாமதம். வாடகை ஏறியதும் கிடங்குகளில் சரக்குத் தங்கியதும் பஜார் ரோட்டில் சுமை தூக்குகிறவர்களின் கூலி நாட்களைத் தொட்டன.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் யாழ்ப்பாணம். சென்னைக்கும் பலாலிக்கும் 350 கிலோமீட்டருக்குச் சற்று மேல். விமானத்தில் ஒன்றேகால் மணி. உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகள் முழுவதும், அதற்குப் பின் பத்து ஆண்டும், கொழும்புக்குப் பறந்து அங்கிருந்து 400 கிலோமீட்டர் வடக்கே போக வேண்டியிருந்தது. ஒரு நாள் முழுவதும் கழிந்துவிடும். 2019 நவம்பரில் நேர் சர்வீஸ் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது.

டிக்கெட்டில் நேரம் பார்ப்பது எப்படி?

ஊருக்குப் புதிதாக டிக்கெட் வாங்குகிறவர்கள் அடிக்கடி குழம்புகிற விஷயம் ஒன்று. டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் அந்தந்த ஊர் நேரம். கொச்சியில் காலை 10 மணிக்குக் கிளம்பிப் பகல் 12.30-க்குத் துபாய் என்று இருந்தால், பிரயாணம் இரண்டரை மணி அல்ல, நாலு மணி. துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால் இருக்கிறது. லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி. குளிர்காலத்தில் கொச்சியில் பகல் 1 மணிக்கு ஏறி மாலை 6.30-க்கு லண்டனில் இறங்கினால், பறந்தது பதினொரு மணி நேரம். திரும்பும்போது இரவு 8-க்கு ஏறி மறுநாள் பகல் 11.30-க்குக் கொச்சி என்றால், பதினைந்தரை மணி என்று பயப்பட வேண்டாம், பத்து மணிதான்.

மாறிப் போகிறவர்கள் இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டாக வாங்குவது நல்லது. முதல் விமானம் தாமதித்து இரண்டாவது போய்விட்டால், ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு. நூறு இருநூறு மிச்சம் என்று தனித்தனியாக வாங்கினால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனது போனதுதான். ஏஜெண்டுகள் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

மட்டாஞ்சேரியிலிருந்து நெடும்பாசேரிக்கு நாற்பது கிலோமீட்டர். தோப்பும்படி, வைற்றிலா நெரிசலைத் தாண்டிப் போக ஒன்றரை முதல் இரண்டு மணி. அந்த நேரத்தில் விமானம் அரபிக் கடலில் பாதிக்கு மேல் கடந்திருக்கும். இதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு புறப்பட வேண்டும்.

என்ன கேட்பது?

கொச்சியிலிருந்து உலகத்துக்கு வழி கிடைத்தது கேட்டதனால்தான். வில்லிங்டன் தீவிலுள்ள கடற்படை விமான தளத்தின் ஓடுபாதையில் பெரிய விமானம் இறங்க முடியாது. எழுபதுகளில் வளைகுடா போனவர்கள் கோவை, சேலம் வழியாக இரண்டு இரவு ரயிலில் பம்பாய் போய், அங்கே ஏஜெண்டு வீட்டு வராந்தாவில் வாரக்கணக்கில் கிடந்து, பிறகு விமானம் ஏறினார்கள். அந்தத் தலைமுறையின் பணமும் சேர்ந்துதான் நெடும்பாசேரி உண்டாயிற்று. சுமார் 30 நாடுகளிலிருந்து பத்தாயிரம் பேர் போல முதலீடு செய்து, 1999-இல் திறந்த நிலையம் அது. ஓடுபாதை 3,400 மீட்டர். பெரிய விமானங்கள் நீண்ட தூரத்துக்கு இங்கிருந்து கிளம்பலாம். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அது இரண்டு வாரம் மூடிக் கிடந்தபோது பழைய கடற்படைத் தளத்தில் சிறிய விமானங்களை இறக்கிச் சமாளித்தார்கள். வளைகுடா போக வேண்டியவர்கள் திருவனந்தபுரத்துக்கும் கோழிக்கோட்டுக்கும் அலைந்தார்கள். ஒரு நிலையத்தின் அருமை அப்போது தெரிந்தது.

ஆகவே ஓடுபாதை இருக்கிறது, வழி திறந்த கடல் இருக்கிறது, பிரயாணிகள் இருக்கிறார்கள். இல்லாதது விமானமும் அதை ஓட்டும் மனமும். 2025 தொடக்கத்தில் நிலைய நிர்வாகம் ஏர் இந்தியாவிடம் பேசியது. சலுகைகள் தரவும் முன்வந்தது. கேரள எம்.பி.க்களும் குரல் கொடுத்தார்கள். ஆனால் இந்த விஷயத்தில் கேரளத்தின் குரல் மட்டும் ஒலிப்பது போதாது. கோவை விமான நிலையத்தின் ஓடுபாதை 3,000 மீட்டருக்கும் குறைவு; அதை நீட்டும் திட்டம் நில ஆர்ஜிதத்திலேயே பல ஆண்டுகள் நின்றது. அங்கிருந்து வெளிநாட்டு விமானங்கள் விரல் விட்டு எண்ணும் அளவே. திருப்பூர்ப் பனியன் வியாபாரியும், உடுமலைக்காரரும், கம்பத்துக்காரரும் கொச்சிக்கு வந்துதான் ஏறுகிறார்கள். ஆனால் கொச்சி சர்வீஸ் நின்றபோது தமிழ்நாட்டு எம்.பி.க்கள் இதைத் தங்கள் விவகாரமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

துபாய் இருக்கைகளைக் கூட்டுவதா வேண்டாமா என்பதில் அரசாங்கம் தன் கம்பெனிகளைப் பாதுகாக்க நினைத்தால் பாதுகாக்கட்டும். அப்படிப் பாதுகாப்புப் பெறுகிற கம்பெனி, அதற்கு ஈடாகக் கொச்சியிலிருந்து வாரம் மூன்று நாளாவது ஐரோப்பாவுக்கு நேர் விமானம் ஓட்ட வேண்டும் என்று நிபந்தனை போடலாம். உள்நாட்டில் லாபமான மார்க்கங்களை வைத்திருக்கும் கம்பெனிகள் வடகிழக்கு, அந்தமான், லட்சத்தீவு போன்ற இடங்களுக்கும் குறிப்பிட்ட அளவு ஓட்ட வேண்டும் என்ற விதி 1994 முதலே நம் நாட்டில் இருக்கிறது. அதே விதியை வெளிநாட்டு மார்க்கத்துக்கும் நீட்டுவதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. விமான மந்திரி அலுவலகம் இதைப் பரிசீலிக்கும்படி கோவை, பொள்ளாச்சி, தேனி எம்.பி.க்கள் எர்ணாகுளம் எம்.பி.யோடு சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்திடலாம்.